வலியும் காலமும் இடனும்: ஒரு மோட்டார் வினாவை முன்வைத்துச் சில சிந்தனைகள்

அறவியலைக் கற்பிக்கும் நூல்கள் தமக்கு வேண்டிய எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் நாம் வாழ்நாளிற் காணாத இடங்களிலிருந்தே பெறுகின்றன. மூழ்கும் கப்பல், தடுப்பிழந்து ஓடும் டிராம் வண்டி, கொலைஞனுக்கு அஞ்சி வீட்டினுட் புகுந்த நண்பன் என்பன போன்ற சூழ்நிலைகளை வைத்து வினாக்கள் எழுப்பப்படுகின்றன. மாணவர் விடை எழுதுகின்றனர். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகின்றனர். இவற்றாற் பயனில்லை என்பது என் கருத்தன்று. ஆயினும் என்னை நெடுநாள் அலைக்கழித்த அறவியல் வினா எந்த நூலிலிருந்தும் வந்ததன்று. மாத்தளை நகரின் ஓரத்திலுள்ள சிறியதொரு கராஜிலிருந்து அது வந்தது.

விடுமுறைக்கு ஊர் சென்றிருந்தபோது அயல்வீட்டு இளைஞன் ஒருவன் ஆங்கிலத்தில் அச்சிட்ட விளக்கத்தாளொன்றுடன் என்னிடம் வந்தான். தோட்டத் தொழிலாளர் குடும்பத்திற் பிறந்தவன். சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திக் கராஜில் வேலை பழகி இன்று கைதேர்ந்த மெக்கானிக்காக விளங்குபவன். பழைய இரும்பாக விலைபோகவிருந்த யப்பானியக் கார் ஒன்றை வாங்கி, ஈராண்டு உழைத்து ஓடவைத்திருந்தான். நான்கு உருளைகள் கொண்ட, ஒன்றரை லீற்றர் கொள்ளளவுடைய எஞ்சின் அது. "அண்ணா, இதுக்கு நைட்ரஸ் பூட்டப் போறேன். டிரையா வெட்டா, எது இந்த எஞ்சினுக்குச் சரி வரும்? இந்தத் தாளைக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க" என்றான்.

வாசித்துப் பொருள் கூறினேன். அதுவரையில் எல்லாம் எளிதாகவே இருந்தது. அவன் போன பின்னரே, அவன் வினாவிலிருந்த 'சரி' என்னும் சொல் என்னை நெருடத் தொடங்கிற்று. எஞ்சினுக்குச் சரியாவதும் அச்செயல் சரியாவதும் ஒன்றா? ஒன்றல்ல எனின், முன்னதற்கு மட்டும் விடை சொல்லிவிட்டு எழுந்துபோவது தகுமா?

பொருளை அறியாது அதன் அறத்தை ஆராய்தல் இயலாது. ஆதலின் நைதரசு ஒட்சைட்டு எனப்படும் இவ்வாயுவைப் பற்றிச் சிறிது கூறவேண்டியுள்ளது. 1772 இல் ஜோசப் பிறீஸ்ற்லி இதனைப் பிரித்தறிந்தார். ஹம்பிரி டேவி இதனைத் தாமே சுவாசித்துப் பார்த்து 1800 இல் தம் ஆய்வினை வெளியிட்டபோது, அறுவைச் சிகிச்சையில் வலி நீக்க இது பயன்படலாம் எனக் குறிப்பிட்டார். அக்குறிப்பை எவரும் பொருட்படுத்தவில்லை. 1844 இல் ஹொரஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல்வைத்தியர் இதனைச் சுவாசித்துத் தம் பல்லையே பிடுங்குவித்துக்கொண்ட பின்னர்தான் வைத்திய உலகு விழித்தது. இடைப்பட்ட நாற்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகளில் இவ்வாயு கண்காட்சிக் கொட்டகைகளிற் சனங்களைச் சிரிக்கவைக்கவே பயன்பட்டது. சிரிப்பு வாயு என்ற பெயரும் நிலைத்தது. அறிவு கையிலிருந்தும் அது வேடிக்கைக்குச் செலவான அந்த ஆண்டுகளில் எத்தனை பேர் அறுவை மேசைகளில் அலறியிருப்பர் என்று எண்ணுகையில் மனம் கனக்கின்றது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய விமானப்படை, காற்றடர்த்தி குன்றிய உயரங்களில் எஞ்சின் வலுவைக் காப்பதற்கு இதனைச் செலுத்திற்று. வைத்தியசாலையிலிருந்து போர்விமானத்துக்கும், அங்கிருந்து பந்தயக் காருக்கும் பயணித்த வாயு இது.

இது தானாக எரிவதன்று. காற்றின் நிறையில் ஒட்சிசன் ஏறத்தாழ நூற்றுக்கு 23 பங்கு. நைதரசு ஒட்சைட்டின் நிறையிலோ 36 பங்கு. உருளையின் வெப்பத்தில் இவ்வாயு பிரிந்து ஒட்சிசனை விடுவிக்கும். அதனால் அதே உருளையினுள் அதிக பெற்றோலை எரிக்க முடிகின்றது. திரவ நிலையிலிருந்து வாயுவாக மாறும்போது சூழலின் வெப்பத்தை அது கவர்வதால் உட்செல்லும் காற்றும் குளிர்ந்து அடர்த்தியாகின்றது. கூடிய வலு என்பது இவ்வளவே. வாயு வலுவைத் தருவதில்லை. மேலும் எரிப்பதற்கு இசைவு தருகின்றது. எரிவது நாம் ஊற்றும் பெற்றோல்தான்.

இவ்வுண்மையிலிருந்தே தெரிவு முறைகள் பிறக்கின்றன. உலர்முறையில் வாயு மட்டும் உட்காற்றோடு சேர்க்கப்படும். மேலதிக பெற்றோலை எஞ்சினின் சொந்த ஊசிகளே வழங்கவேண்டும். அவை வழங்கத் தவறின் கலவை மெலியும், வெப்பம் கட்டுமீறும், முசலம் உருகித் துளைபடும். ஈரமுறையில் வாயுவும் பெற்றோலும் ஒரே தூவுகுழல் வழியாகப் புகுகின்றன. அளவு காப்பது எளிது. எனினும் காற்றுக்கென அமைந்த குழாயிற் பெற்றோல் தேங்குமாயின் அது அங்கேயே பற்றி வெடிக்கக்கூடும். ஒவ்வோர் உருளைக்கும் தனித்தனியே தூவும் மூன்றாவது முறையொன்றும் உண்டு. அது பந்தயக்காரரின் பணப்பைக்குரியது. வழக்கமான நான்குருளை எஞ்சின், உட்பாகங்களை மாற்றாமல், 40 முதல் 60 பரிவலு வரையான மிகுதியைத் தாங்கும் என்பது இத்துறையினர் கொள்ளும் பொதுக்கணிப்பு. ஒவ்வோர் 50 பரிவலுவுக்கும் தீப்பொறி பிறக்கும் வேளையைச் சுமார் இரண்டு பாகை பிந்தச்செய்தலும் வழக்கம். அவனுடைய எஞ்சினுக்கு ஈரமுறையும், சிறிய அளவும் பொருந்தும் என்பதே தாளை வாசித்ததிலிருந்து நாங்கள் இருவரும் கண்ட முடிவு.

இங்கு எனக்குத் திருக்குறளின் அதிகார வைப்பு நினைவுக்கு வந்தது. தெரிந்து செயல்வகையை அடுத்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை வள்ளுவர் நிரலே வைத்துள்ளார். மயிலிறகேயாயினும் அளவுமீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்ற புகழ்பெற்ற உவமை வலியறிதலில் வருவது. கராஜ்களின் சுவரில் எழுதிவைக்கத்தக்க உவமை அது. நாற்பது பரிவலுவில் நன்றாக ஓடிய எஞ்சினுக்கு இன்னும் பத்துப் பரிவலு என்ன செய்துவிடும் என்ற எண்ணமே முசலங்களை உருக்குகின்றது.

காலமறிதலும் இவ்வமைப்பினுள் இருக்கின்றது. எஞ்சின் மெதுவாகச் சுழல்கையில் வாயுவைத் திறந்துவிடின் உருளையினுள் அமுக்கம் தாங்கவொண்ணா அளவுக்கு உயரும். ஆதலின் மிதியை முற்றாக அழுத்தியபோதும், சுழற்சி நிமிடத்துக்குச் சுமார் மூவாயிரத்தைக் கடந்தபோதும் மட்டுமே வால்வு திறக்குமாறு ஆளிகள் அமைக்கப்படுகின்றன. கால அறிவை மனிதனிடம் விட்டுவைக்காமற் கருவியிடமே ஒப்படைத்துள்ளனர். இது பாராட்டத்தக்கதா, மனிதனைப் பற்றிய அவநம்பிக்கையா என்பது வேறு விடயம்.

இடனறிதலுக்கும் ஓரளவு இடமுண்டு. 36.4 பாகை செல்சியசுக்கு மேல் இவ்வாயு திரவமாக இருக்க இயலாது. அந்நிலையிற் போத்தலின் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப்போல் எழுபது மடங்கைக் கடந்துவிடும். மாத்தளை மலையடிவாரக் குளிர்ச்சியில் நிரப்பிய போத்தலுடன் நாவுலையைத் தாண்டி உலர்வலயத்தில் இறங்கித் தம்புள்ளைச் சந்தைப் பக்கம் வெயிலிற் காரை மூடி நிறுத்தினால், மூடிய காரின் உள்வெப்பம் அவ்வெல்லையை எளிதிற் கடக்கும். போத்தலிலுள்ள காப்புத்தகடு உடைந்து வாயுவை வெளியேற்றும். அவ்வாறு உடைவதற்கென்றே அது அமைந்துள்ளது. ஒரே மாவட்டத்தினுள் ஈரமும் உலர்வும் உண்டு என்பதை நம்மூர் மிளகுத் தோட்டக்காரர் மட்டுமன்றி இவ்வாயுவும் அறியும்.

ஆகவே மூன்று அறிதல்களும் கைவந்த ஒருவன் சரியான தெரிவைச் செய்துவிட்டான் என்று முடிக்கலாமா? முடிக்கலாகாது என்பதே என் நிலைப்பாடு. அம்மூன்று அதிகாரங்களும் பொருட்பாலிலே அரசனை நோக்கி அமைந்தவை. எடுத்த வினை எவ்வாறு வெற்றிபெறும் என்பதையே அவை கூறுகின்றன. அவ்வினை எடுக்கத்தக்கதா என்பதை வள்ளுவர் வேறிடங்களிற் பேசுகிறார். வலியும் காலமும் இடனும் அறிந்து செய்யும் திருட்டு, அறியாது செய்யும் திருட்டைவிடத் திறமையானது, நல்லதன்று. விவேகம் அறத்துக்குத் துணை, பதிலி அன்று. நம் தொழினுட்பக் கல்வி இவ்விரண்டையும் குழப்பி, 'சரியாகச் செய்தல்' என்பதையே 'சரியானதைச் செய்தல்' எனப் பழக்கிவிட்டதோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

மில் 1859 இல் வகுத்த கோட்பாட்டின்படி, பிறருக்குத் தீங்கு வராதவரை ஒருவன் தன் விருப்பப்படி நடக்கலாம். இளைஞனும் தன்னையறியாமல் இதையே சொன்னான். நள்ளிரவில், ஆளில்லா நேர்வீதியில், தன் உயிரைத் தானே பணயம் வைப்பதாகக் கூறினான். ஆனால் கண்டியிலிருந்து மாத்தளை வழியாக யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதியில் ஆளில்லா நேரம் என்று ஒன்று உண்டா? தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றிச் செல்லும் லொறிகள் ஓடுவது இரவில்தான். வீட்டுக்குத் திரும்பும் முச்சக்கர வண்டி, பின்விளக்கில்லாத சைக்கிள், வீதியோரத்தில் நடந்துபோகும் காவற்காரர் என்று எவரேனும் எப்போதும் இருப்பர். நகர்ப்புறத்தே மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியே 70 கிலோமீற்றர் என்பது சட்டம் காருக்கு இடும் எல்லை. உலர்ந்த வீதியில் நல்ல தடுப்புகளுடன் எழுபதில் ஓடும் காரை நிறுத்தச் சுமார் 27 மீற்றர் போதும். நூறில் ஓடுவதற்குச் சுமார் 55 மீற்றர் வேண்டும். வேகம் பாதியளவுகூட மிகவில்லை, தூரம் இருமடங்காயிற்று. இயக்கப்பாட்டுச் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வதே காரணம். சாரதி தடுப்பை மிதிக்க எடுக்கும் நேரத்தில் ஓடிவிடும் தூரம் இக்கணக்கிற் சேரவில்லை.

இங்கு வலியதோர் ஆட்சேபம் எழும். வீதியில் இறங்கும் எவனும் பிறருக்கு ஆபத்தை விளைவிக்கவே செய்கின்றான். பயணிகளைப் பிடிக்கப் போட்டியிட்டு ஓடும் பஸ்கள் செய்யாததையா இந்தப் பையன் செய்கிறான்? ஜோர்ஜ் பிளெச்சர் என்ற சட்ட அறிஞர் 1972 இல் எழுதிய கட்டுரையொன்றில் வகுத்த வேறுபாடு இவ்விடத்து உதவுகின்றது. நாம் ஒருவருக்கொருவர் ஏறத்தாழச் சம அளவில் விளைவிக்கும் ஆபத்தை நாம் எல்லோரும் பொறுத்துக்கொள்கிறோம். அதுவே பொதுவாழ்வின் விலை. ஒருவன் மட்டும் மற்றவர் தனக்கு விளைவியாத பேராபத்தை அவர்கள் மீது சுமத்துவானாயின் அந்தச் சமநிலை குலைகின்றது. நடந்துசெல்லும் காவற்காரரால் அந்தக் காருக்கு என்ன தீங்கு செய்ய முடியும்? பஸ்களின் குற்றத்தையும் இவ்வளவுகோல் தப்பவிடாது என்பதை இங்கு சொல்லிவைக்கிறேன்.

ஆயினும் இவ்வளவுகோலும் முழுமையானதன்று. என்னை அதிகம் உறுத்திய விடயம் வேறொன்று. இவ்வமைப்பு மறைவானது. போத்தல் பின்பெட்டியில் இருக்கும். ஆளி கைக்கடியில் இருக்கும். வெளியே தெரிவதோ நிறம் மங்கிய பழைய கார். வீதியைக் கடக்கும் முதியவள் ஒருத்தி வேகமானி கொண்டு எதையும் அளப்பதில்லை. வருவது இன்ன வண்டி, அது இவ்வளவு தூரத்திலிருக்கிறது, நான் கடந்துவிடலாம் என்று வாழ்நாள் அனுபவத்தாற் கணக்கிட்டு அடியெடுத்து வைக்கிறாள். வண்டியின் தோற்றத்தை ஒரு வாக்குறுதியாக அவள் வாசிக்கிறாள். நடுவழியில் அந்தப் பழைய கார் திடீரென ஐம்பது பரிவலு பெருகிப் பாயுமாயின், மோதாது போயினும், அவளிடம் பொய் சொல்லப்பட்டுவிட்டது. கான்ற் பொய்யைக் கண்டித்தது விளைவுக்கு அஞ்சியன்று. பொய் மற்றவரைத் தம் அறிவால் முடிவெடுக்கும் மனிதராக மதியாமல் வெறுங்கருவியாக்குகின்றது என்பதாலேயே. நாவினாற் சொல்வது மட்டுந்தான் பொய்யா? எஞ்சினாலும் சொல்லலாம் என்றே நான் கருதத் தலைப்பட்டுள்ளேன். வேகத்தைப் பற்றிப் பேசும் சட்டங்கள் பலவாக இருக்க, இந்த ஏமாற்றைப் பற்றிப் பேசுவார் அரிது.

இதனை அவனிடம் சொன்னபோது அவன் தந்த மறுமொழியை மறைப்பது நேர்மையாகாது. கோடிக்கணக்கில் விலைகொடுத்து வாங்கிய ஐந்நூறு பரிவலுக் கார்கள் இதே வீதியிற் சீகிரியாவுக்குப் போகின்றன. அவற்றைப் பார்த்து எல்லோரும் வியக்கிறார்கள். நான் ஐம்பது சேர்த்தாற் குற்றமா என்று கேட்டான். 2020 இல் விதித்த வாகன இறக்குமதித் தடை 2025 வரை நீடித்தமையால் பழைய கார்களின் விலையே ஏழைக்கு எட்டாத உயரம் சென்றது என்பதையும், 2022 இல் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றவர் யார் என்பதையும் எண்ணிப்பார்க்கையில் அவன் கேள்விக்கு எளிய விடை இல்லை. அக்கார்களின் தடுப்புகளும் சில்லுகளும் அந்த வலுவுக்கென்றே அமைந்தவை. அவற்றின் தோற்றமே அவற்றின் வலுவை அறிவிக்கின்றது. இவ்விரண்டும் உண்மையான வேறுபாடுகள். ஆனால் பணமுள்ளவன் வாங்கும் வலுவைத் தகுதியென்றும், இல்லாதவன் தன் கையாற் செய்யும் வலுவைக் குற்றமென்றும் காணும் கண்ணொன்று நம்மிடையே உண்டு; அக்கண்ணால் நானும் பார்த்திருக்கிறேன். அவன் வாதம் அவனை விடுவிக்கவில்லை. எனினும் குற்றவாளிக் கூண்டில் இடத்தைச் சற்று அகலமாக்கிவிட்டது.

பந்தயத்துக்கு வேறிடம் உண்டே, அங்கு போகலாமே என்பது அடுத்து யாவரும் சொல்லும் தீர்வு. நானும் சொன்னேன். மகாகஸ்தோட்டைக் குன்றேற்றப் பந்தயம் நுவரெலியாவில் 1934 இலிருந்து வரும் மரபு. தியத்தலாவையிலும் பந்தயத்தடம் உண்டு. ஆனால் 2024 ஏப்பிரல் 21 ஆம் திகதி, ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின் தியத்தலாவையில் நடந்த பொக்ஸ் ஹில் பந்தயத்தில் தடம்விலகிய காரொன்று பார்வையாளருட் புகுந்தது. எழுவர் இறந்தனர், அவருள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். பார்க்க வந்தவர் ஆபத்துக்கு உடன்பட்டே வந்தனர் என்று வாதிடலாம். எட்டு வயதின் உடன்பாடு எத்தகையது? ஆகவே இடத்தை மாற்றியதும் அறக்கணக்குத் தீர்ந்துவிடுவதில்லை. எவர் எவருக்காக உடன்பட்டார் என்ற வினா வேலிக்கு அப்பாலும் தொடர்கின்றது.

இன்னொரு வினாவும் உண்டு; சிறிது தயக்கத்துடனேயே அதனை எழுதுகிறேன். போத்தலை எங்கே நிரப்புவது? மோட்டாருக்கென விற்கப்படும் வாயுவிற் சுவாசிப்பதைத் தடுக்கச் சிறிதளவு கந்தகவீரொட்சைட்டு கலக்கப்படும். கலப்பற்றது வைத்தியத்துக்குரியது, ஒட்சிசனோடு சமபங்காகச் சேர்ந்து பிரசவ வேதனையைத் தணிக்கும் பொருள் அது. முறையான வழியில் முன்னது கிடையாதவிடத்துப் பின்னதன் மேல் ஆசை செல்வது இயற்கை. 2022 இல் நம் வைத்தியசாலைகள் மருந்தின்றித் தவித்ததைக் கண்ட தலைமுறை நாம். வாயு மலிவானது, ஒரு போத்தலால் எவருக்கு நட்டம் என்று கேட்கலாம். வெல்சின் பல்லையும் கண்காட்சிக் கொட்டகைச் சிரிப்பையும் ஒருங்கே நினைப்பவருக்கு அக்கேள்வி அவ்வளவு இலேசானதாகத் தோன்றாது.

இவையனைத்தையும் ஒரு மாலையில் அவனோடு பேசித் தீர்த்தேன் என்று வாசகர் எண்ணவேண்டாம். பல நாட் பேச்சு அது. இடையிடையே சினமும் வந்தது. ஒருநாள் பேச்சை மாற்றுவதற்காக மாசி மகத் தேர்த்திருவிழாவைப் பற்றிக் கேட்டேன். முத்துமாரியம்மன் கோவிலின் ஐந்து தேர்களும் நகர வீதியிற் பவனிவருகையில், சில்லுக்கு முட்டுக்கட்டை இடுவோருள் அவனும் ஒருவன். வடம் பிடிப்பவர் நூற்றுக்கணக்கானோர், கட்டையிடுபவர் சிலரே. தேர் சரியும் பக்கத்தை எவ்வாறு முன்கூட்டி உணர்வது, கட்டையை எந்தக் கோணத்திற் செலுத்துவது, கையை எந்த நொடியில் இழுத்துக்கொள்வது என்று அவன் நெடுநேரம் விளக்கினான். எஞ்சினைப் பற்றிப் பேசும்போது இருந்த அதே ஒளி அவன் முகத்தில் இருந்தது. உவமை காட்டி முடிக்க எனக்கு ஆசை எழுந்தது. சொல்லவில்லை. அவனுக்கு அது தெரியாததன்று.

அடுத்த விடுமுறையிற் போனபோது கார் வாசலில் நின்றது. முன்சில்லுகளின் தடுப்புத் தட்டுகள் புதியனவாக இருந்தன. பின்பெட்டியைத் திறந்து என் பையை வைத்தான். அங்கே போத்தல் இல்லை. அதனை இறுக்கிப் பூட்டும் இரும்புப் பட்டிகள் இரண்டு மட்டும் தரையில் ஆணி முடுக்கியபடி இருந்தன. நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. புகையிரத நிலையம் வரை நாற்பதில் ஓட்டி வந்தான்.